பயணம் முடிந்து வருபவருக்கு ஓர் எளிய மாலை

பழந்தமிழ் நாட்டின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைக் குறிக்கிறது. இன்று திருமலை என்று நாம் வணங்கும் அம்மலைக்குச் சங்கப் பாடல்களில் வேறொரு நினைவும் உண்டு. பொருள் தேடி வேங்கடத்தைக் கடந்து, வேறு மொழி வழங்கும் நாடுகளுக்குச் சென்ற கணவனையும், அவன் வரவை எதிர்நோக்கி வீட்டில் காத்திருக்கும் மனைவியையும் அகநானூற்றில் மாமூலனார் முதலிய புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அன்று அம்மலை பிரிவின் எல்லையாக இருந்தது. இன்று அதே மலையடிவாரத்தில், ரேணிகுண்டா சந்திப்பிலும் திருப்பதி பேருந்து நிலையத்திலும், பிரிந்து செல்பவர்களையும் திரும்பி வருபவர்களையும் நாள்தோறும் காண்கிறோம்.

ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்தும் அண்டையிலுள்ள கடப்பைப் பகுதியிலிருந்தும் குவைத் முதலிய வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களில் வீட்டுப் பணிக்காகச் செல்லும் பெண்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூருக்கும் ஹைதராபாத்துக்கும் பணிக்குச் செல்பவர்கள், படைப்பணியில் இருப்பவர்கள், வடமாநிலங்களுக்குச் சரக்குந்து ஓட்டுபவர்கள் ஆகியோரின் குடும்பங்களும் நம் வாடிக்கையாளர்களே. ஆதலால், கணவனோ மனைவியோ நெடுநாள் பயணம் முடிந்து வீடு திரும்பும் மாலையை எவ்வாறு எளிமையாகத் திட்டமிடலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வரவேற்பதற்கும் திட்டம் வேண்டுமா, அன்பு இருந்தால் போதாதா என்று சிலர் வினவலாம். எங்கள் கிளைகளில் பணியாற்றுவோருக்குப் பழகிப்போன ஒரு காட்சியே இதற்கு விடை. பயணத்திலிருந்து திரும்பிய ஒரு வாரத்திற்குள் கணவனும் மனைவியுமாக வந்து, முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பார்கள். காரணம் வினவினால், வந்த அன்று மாலையே உறவினர் ஒருவருக்குக் கைமாற்றாகத் தருவதாக வாக்களித்துவிட்டதாகச் சொல்வார்கள். அல்லது ஊருக்கெல்லாம் விருந்து வைத்ததில் கையிருப்புக் கரைந்துவிட்டதாகச் சொல்வார்கள். உறக்கமின்றிக் களைத்து வந்தவர், பத்துப் பேர் நடுவில், மறுக்க இயலாத நிலையில் சொன்ன ஒரு சொல், இரண்டாண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. முதல் மாலை அமைதியாக அமைந்தால் இத்தகைய இழப்புகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதே எங்கள் அனுபவம்.

வரும் வழியும் நேரமும்

திட்டத்தின் முதற்படி, வருபவர் எங்கே, எப்போது இறங்குகிறார் என்பதைத் துல்லியமாக அறிவதாகும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருபவர்களில் பலர் சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். பலமனேர், குப்பம் பகுதியினருக்குப் பெங்களூரு விமான நிலையமும் பயன்படுகிறது. ஹைதராபாத் போன்ற உள்நாட்டு நகரங்களிலிருந்து விமானத்தில் வருபவர், ரேணிகுண்டா அருகிலுள்ள திருப்பதி விமான நிலையத்திலேயே இறங்கலாம்.

ரயிலில் வருபவரிடம் நிலையத்தின் பெயரைத் தவறாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து வரும் சப்தகிரி விரைவு ரயில் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி வரை வருகிறது. ஆனால் சென்னை-மும்பை வழித்தடத்தில் செல்லும் பல ரயில்கள் திருப்பதிக்குள் வருவதில்லை. அவற்றில் வருபவர் ரேணிகுண்டாவில் இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது. சித்தூர் நகருக்கு வருபவர்களில் பலர் காட்பாடியில் இறங்கிச் சாலை வழியே வருகிறார்கள். ரயில் தாமதமா என்பதை 139 என்னும் எண்ணில் கேட்டறியலாம்.

விமானம் தரையிறங்கும் நேரத்தையே வீடு சேரும் நேரமாக எண்ணிக்கொள்வது பலரும் செய்யும் பிழை. குடியேற்றச் சோதனை, பெட்டிகளுக்காகக் காத்திருத்தல், சுங்கச் சோதனை ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அதன்பின் சென்னையிலிருந்து திருப்பதிக்கோ சித்தூருக்கோ சாலை வழியே மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். நண்பகல் ஒரு மணிக்கு இறங்கும் விமானத்தில் வருபவர், மாலை ஆறு மணிக்கு முன் வீட்டு வாசலை அடைவார் என்று எதிர்பார்க்க இயலாது. இதை உணராமல் நான்கு மணிக்கே சமைத்து முடித்து, ஆறு மணிவரை கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருப்பது இரு தரப்பினருக்கும் அலுப்பைத் தரும்.

அழைத்துவர யார் செல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒரு வாகனம் நிறைய உறவினர் சென்றால், பெட்டிகளுக்கும் இடமிருக்காது; வருபவர் சாய்ந்து அமரவும் இடமிருக்காது. இருவர் செல்வது போதும். வாடகை வாகனம் எனில், சுங்கச்சாவடிக் கட்டணமும் ஓட்டுநர் காத்திருக்கும் நேரத்துக்கான கட்டணமும் வாடகையில் அடங்குமா என்பதைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுதல் நன்று.

உடலின் கடிகாரம்

வருபவரின் உடல் இன்னும் தான் புறப்பட்ட ஊரின் நேரத்தில்தான் இயங்கிக்கொண்டிருக்கும். குவைத் நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. துபாய் நேரம் ஒன்றரை மணி பின்தங்கியது. இங்கே இரவு ஒன்பது மணி ஆகும்போது குவைத்தில் ஆறரை மணிதான். ஆகவே அங்கிருந்து வருபவருக்கு ஒன்பது மணிக்குப் பசி எடுக்காமல் இருக்கலாம். நள்ளிரவு வரை உறக்கம் வராமலும் இருக்கலாம். சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறு. அவ்வூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இங்கே இரவு எட்டு மணி எனில், அங்கிருந்து வந்தவரின் உடலுக்கு அது பத்தரை மணி. அவரை இரவு பதினொரு மணி வரை விழித்திருக்கச் செய்வது அன்பின் பெயரால் செய்யும் துன்பமாகும்.

இந்த எளிய கணக்கைக் கொண்டே இரவு உணவின் நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். கிழக்கிலிருந்து வருபவருக்கு ஏழு மணிக்குள் உணவு. மேற்கிலிருந்து வருபவருக்கு முதலில் சிறிது சிற்றுண்டியும் காப்பியும், பின்னர் ஒன்பதரை மணியளவில் உணவு. விமானம் அதிகாலையில் வந்து சேர்ந்தால், அன்று பகல் முழுவதும் அவரை உறங்கவிட்டு, வரவேற்பை மாலைக்கு ஒத்திவைப்பதே முறை.

வீட்டில் செய்ய வேண்டுவன

வீட்டை அலங்கரிக்கப் பெருமுயற்சி தேவையில்லை. வாசல் தெளித்து, சிறு கோலம் ஒன்று, அந்தி விளக்கு, வெந்நீர், துவைத்து மடித்து வைத்த பழைய உடை. பயணத்தில் நெடுநேரம் ஒரே ஆடையில் இருந்தவருக்கு, தாம் விட்டுச்சென்ற லுங்கியோ சேலையோ அதே இடத்தில் மடித்திருப்பதைக் காண்பது தனி இன்பம். மாற்று உடை பெட்டிக்குள் இருக்குமே என்று எண்ண வேண்டா. அன்று மாலை பெட்டியைத் திறக்கும் அவசியம் இல்லாதபடி எல்லாவற்றையும் ஆயத்தமாக வைப்பதே நம் நோக்கம்.

ஆரத்தி எடுக்கும் வழக்கம் இப்பகுதியில் தமிழர் வீடுகளிலும் தெலுங்கர் வீடுகளிலும் உண்டு. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் அது செந்நிறம் பெறுவதைச் சிறுவர்கள் வியப்போடு பார்ப்பார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமி சுண்ணாம்பின் காரத்தன்மையால் சிவப்பாக மாறுகிறது. தந்தையின் வருகைக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம் அந்தத் தட்டைக் கலக்கும் பணியை ஒப்படைக்கலாம். தன் கையால் ஒரு வேலை செய்த பிள்ளைக்கு அந்த மாலையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்ற உணர்வு வரும்.

குழந்தைகளைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாண்டுக்குப்பின் வரும் தந்தையையோ தாயையோ சிறு குழந்தை அடையாளம் கண்டுகொள்ளாமல் அழக்கூடும். கைப்பேசித் திரையில் நாள்தோறும் பார்த்த முகமாயினும், நேரில் கேட்கும் குரலும் உயரமும் அக்குழந்தைக்குப் புதியவை. அந்த நேரத்தில் "அப்பாவிடம் போ" என்று வலிந்து தள்ளுவது குழந்தையையும் அஞ்சச் செய்யும். வந்தவர் உள்ளத்தையும் புண்படுத்தும். வந்தவர் தரையில் அமர்ந்து வேறு ஏதேனும் செய்துகொண்டிருந்தால், குழந்தை தானாகவே அருகில் வரும். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். இது இயல்பானதே என்று வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது வீட்டிலிருப்பவரின் கடமை.

உணவு

"ஏங்க, வர்ற அன்னிக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். "களியும் கீரையும் போதும்" என்ற விடை வந்தால் வியப்படைய வேண்டா. ஆண்டுக்கணக்கில் குப்பூஸ் ரொட்டியும் விடுதிச் சோறும் உண்டவருக்குப் பிரியாணியும் இனிப்பு வகைகளும் புதியவை அல்ல. அவருக்குக் கிடைக்காதிருந்தது வீட்டின் அன்றாட உணவுதான்.

சித்தூர்ப் பகுதியின் அன்றாட உணவு எளியது, செலவும் குறைவு. தெலுங்கில் சங்கட்டி எனப்படும் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி, அடுப்பேற்றாமல் கரைக்கும் பச்சைப்புளி ரசம், விரும்பினால் நாட்டுக்கோழிக் குழம்பு. நெடும்பயணத்தால் வயிறு மந்தமாக இருப்பின், மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் தயிர் சோறும் போதுமானவை. இனிப்புக்கு வெளியில் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சித்தூர் வெல்லத்துக்குப் பெயர்பெற்ற ஊர். பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்த பாயசம் அரைமணி நேரத்தில் ஆயத்தமாகிவிடும். மாம்பழப் பருவமாக இருப்பின் அதுவும் வேண்டா. தட்டு நிறைய நறுக்கி வைத்த பழமே விருந்து.

உணவில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, சமைப்பவரின் களைப்பு. காலையிலிருந்து அடுப்படியில் நின்ற மனைவி, கணவன் வந்த நேரத்திலும் அடுப்படியிலேயே நிற்பாராயின், அம்மாலை யாருக்காக? குழம்பையும் கடைசலையும் பிற்பகலிலேயே முடித்து, களியை மட்டும் இறுதியில் கிண்டும்படி அமைத்துக்கொண்டால், அவரும் முகம் கழுவி வாசலில் நிற்க நேரம் கிடைக்கும். வருபவர் மனைவியாக இருந்து, வீட்டில் இருப்பவர் கணவராக இருந்தால், இரண்டே பண்டங்களைத் தாமே சமைத்து வைக்கட்டும். ஆண்டுக்கணக்கில் பிறர் வீட்டு அடுப்படியில் உழைத்துத் திரும்பும் பெண்ணை, வந்த மாலையே தன் வீட்டு அடுப்படியில் நிறுத்தாமல் இருப்பதைவிடப் பெரிய வரவேற்பு இல்லை.

யாரை அழைப்பது

இங்கேதான் பலரும் தயங்குகிறார்கள். "அண்ணனை அழைத்தால் அத்தையை அழைக்க வேண்டும், அத்தையை அழைத்தால் எதிர்வீட்டாரை விடமுடியாது" என்று பட்டியல் நீள்கிறது. முதல் மாலை, வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தனி வீட்டில் இருப்பின் அவர்களும் வரட்டும். ஏனையோருக்கு வேறொரு நாளைக் குறிப்பிட்டு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மறுப்பாகச் சொல்லாமல் அழைப்பாகச் சொன்னால் யாரும் வருந்துவதில்லை. "அவர் வெள்ளிக்கிழமை இரவு களைப்பாக வருகிறார், அத்தை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் நம் வீட்டில்தான் சாப்பிட வேண்டும்" என்பது போதும். அக்கம்பக்கத்துத் தெலுங்கர் வீடுகளுக்கு, "ஆதிவாரம் தப்பகுண்டா ரண்டி" என்று ஞாயிற்றுக்கிழமையையே சொல்லிவிடலாம். நாள் குறிப்பிட்ட அழைப்பு மதிப்பைக் காட்டுகிறது. வந்தவருக்கும் இரண்டு இரவுகள் உறங்கி எழுந்த தெளிவு கிடைக்கிறது.

திருமலைப் பயணத்தையும் இவ்வாறே ஒத்திவைக்கலாம். ஊர் திரும்பியவுடன் ஏழுமலையானைத் தரிசிக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்பவர்கள் பலர். அலிபிரி வழியில் சுமார் 3,550 படிகளும், சந்திரகிரிப் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு வழியில் சுமார் 2,400 படிகளும் உள்ளன. உறக்கமின்றி வந்தவர் மறுநாள் விடியற்காலையில் ஏறத் தக்கவை அல்ல அவை. தேவஸ்தானத்தின் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் இணையத்தில் முன்கூட்டியே வெளியிடப்படுவதால், வரும் நாள் உறுதியானவுடன், சில நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். சித்தூர் நகரத்தார், ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள காணிப்பாக்கம் விநாயகரை ஒரு நாள் காலையில் சென்று வணங்கி, வெயிலுக்கு முன்பே வீடு திரும்பிவிடலாம்.

அன்று பேசாமல் விட வேண்டுவன

வீட்டிலிருப்பவர் மனத்திலும் ஒரு பட்டியல் சேர்ந்திருக்கும்: மகளின் கல்லூரிக் கட்டணம், ஒழுகும் கூரை, தம்பி திருப்பித் தராத கடன், அடகிலிருக்கும் நகை. இவற்றில் ஒன்றுகூட அற்பமானதன்று. ஆயினும் இவற்றில் ஒன்றுகூட அன்றிரவே தீரப்போவதும் இல்லை. ஒரு தாளில் எழுதி, அலமாரியில் வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் காலை இருவரும் அமர்ந்து அத்தாளை எடுத்துப் பேசலாம். எழுதி வைத்தபின் மறந்துவிடுவோமோ என்ற அச்சம் நீங்குவதால், அன்று மாலை மனம் இலேசாகும்.

வந்தவரிடமும் ஒரு செய்தி இருக்கலாம். வேலை முடிந்துவிட்டது, சம்பளம் சில மாதங்களாக வரவில்லை, உடல்நலம் சரியில்லை என்பன போன்றவற்றைத் தொலைபேசியில் சொல்லாமல் மறைத்து வந்தவர்கள் உண்டு. "எவ்வளவு கொண்டுவந்தாய்?", "மறுபடி எப்போது கிளம்புகிறாய்?" என்னும் இரு வினாக்களும் வாசலிலேயே எழுந்துவிட்டால், அச்செய்தி மேலும் பல நாள் உள்ளேயே தங்கிவிடும். கூட்டமில்லாத, அவசரமில்லாத ஒரு மாலையில், உணவு முடிந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் வேளையில், அவர் தாமாகவே சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், கேட்டுக்கொள்வது மட்டுமே அன்றைய பணி. தீர்வு சொல்ல வேண்டியதில்லை.

உறவினர் எவரேனும் அன்றே பணம் கேட்டால் என்ன செய்வது? "கணக்கைப் பார்த்துவிட்டு, இருவரும் கலந்து அடுத்த வாரம் சொல்கிறோம்" என்னும் ஒரே விடையைக் கணவனும் மனைவியும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவர் வாயிலிருந்தும் ஒரே சொல் வரும்போது, கேட்டவர் மறுமுறை வற்புறுத்துவதில்லை.

வருகை நாளில் ஓர் எச்சரிக்கை

வருகை நாளன்று வீட்டிலிருப்பவர் ஏமாறக்கூடிய ஒரு வழியையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். விமானம் இறங்கிய நேரத்தை ஒட்டியோ அதற்கு முன்போ, "உங்கள் கணவரின் பெட்டியைச் சுங்கத்துறை பிடித்து வைத்துள்ளது, உடனே இந்தக் கணக்குக்கு வரியைச் செலுத்துங்கள்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம். சுங்க அதிகாரிகளின் பெயரால் நடக்கும் இத்தகைய மோசடி பற்றி மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. சுங்க வரியைத் தனிநபர் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு அத்துறை தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ கேட்பதில்லை.

இத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, வருபவரையே அழையுங்கள். அவர் உடனே எடுக்காவிட்டாலும் பதற வேண்டா. சோதனைப் பகுதியில் வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். பணம் அனுப்பிவிட்டதாகத் தெரியவந்தால், காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையையும் தொடர்புகொள்ளுங்கள். பயண நாளையும் விமான எண்ணையும் சமூக ஊடகங்களில் முன்கூட்டியே பதிவிடாமல் இருப்பது இம்மோசடிக்கு வழியடைக்கும். மகிழ்ச்சியை வந்து சேர்ந்த பிறகு பகிர்ந்துகொள்ளலாம்.

வருபவரும் ஒன்றை அறிந்திருத்தல் நலம். 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நாணயத் தாள்களோ, பயணிகள் காசோலை முதலியவற்றையும் சேர்த்து 10,000 டாலர் மதிப்புக்கு மேலோ கொண்டுவந்தால், விமான நிலையச் சுங்கப் பிரிவில் அதற்குரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும்.

செலவுக்கு ஒரு வரம்பு

எடுத்துக்காட்டாக, வாகனச் செலவு நீங்கலாக, அம்மாலைக்கு 2,000 ரூபாய் என்று வரம்பு வைத்துக்கொள்வோம். அதில் பாதி உணவுப் பொருள்களுக்கு. கால் பங்கு பூ, பழம், பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றுக்கு. எஞ்சிய கால் பங்கு எதிர்பாராச் செலவுக்கு. தொகை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். முன்கூட்டியே ஒரு தொகையைக் குறித்துக்கொள்வதுதான் முதன்மையானது. வருபவர் பணத்துடன் வருகிறார் என்னும் எண்ணத்தில் கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கும் பழக்கம், அவர் வரும் முன்பே அவர் பணத்தைச் செலவழித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை உறவினர் விருந்துக்கும் இவ்வாறே தனி வரம்பு வகுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாளுக்குரிய வங்கிப் பணிகள்

ஓய்வுக்குப்பின் கிளைக்கு வரும்போது கவனிக்க வேண்டியவை சில. விடுமுறையில் வந்து மீண்டும் அயல்நாட்டு வேலைக்குத் திரும்புபவரின் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளில் மாற்றம் தேவையில்லை. வேலையை முடித்துக்கொண்டு தாய்நாட்டிலேயே தங்கும் எண்ணத்துடன் திரும்பியவர், அதனை வங்கிக்குத் தெரிவித்து அக்கணக்குகளை உள்நாட்டுவாசிக் கணக்குகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். அயல்நாட்டில் ஈட்டிய பணத்தை வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க விரும்பினால், தகுதியுடையோர் ஆர்எஃப்சி என்னும் கணக்கைத் தொடங்கலாம். என்ஆர்ஈ வைப்பின் வட்டிக்கு உள்ள வருமானவரி விலக்கு, அந்நியச் செலாவணிச் சட்டப்படி அயல்நாட்டுவாசியாக இருக்கும் வரையில்தான் பொருந்தும். ஆதலால் இம்மாற்றத்தைத் தள்ளிப்போடுதல் கூடாது.

வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய இந்தியவாசி, கையில் மீந்த நாணயத் தாள்களில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற வங்கியிலோ நாணய மாற்று நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாண்டுக்கு மேல் வாடிக்கையாளர் தாமாக எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு, செயல்படாக் கணக்காக வகைப்படுத்தப்பட்டிருக்கும். அடையாள, முகவரிச் சான்றுகளுடன் வந்தால் கட்டணமின்றி அதனை மீண்டும் இயக்கலாம். நெடுநாள் பயன்படுத்தாததால் பழைய கைப்பேசி எண் துண்டிக்கப்பட்டிருந்தால், புதிய எண்ணைக் கணக்கில் பதிவு செய்வதே முதல் வேலையாக இருக்கட்டும். நாமினி எனப்படும் வாரிசு நியமனத்தையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவை யாவும் கிளைக்குரிய பேச்சு. மீண்டும் அந்த மாலைக்கு வருவோம்.

பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டு என்னும் நூல் 103 அடிகளைக் கொண்டது. பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் ஒருவரின் மகனாரான நப்பூதனார். போருக்குச் சென்ற கணவனுக்காகக் கார்காலத்து மாலையில் காத்திருக்கும் தலைவியே அதன் பொருள். முல்லைத் திணைக்கு உரிய சிறுபொழுதும் மாலையே. பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். தாயைக் காணாமல் வாடும் கன்றை நோக்கி, உன் தாயர் இப்போது வந்துவிடுவர் என்று ஆய்மகள் ஒருத்தி தேற்றும் சொல் அவர்கள் காதில் விழுகிறது. இறுதியில், திரும்பி வரும் தேர்க்குதிரைகளின் ஒலி தலைவியின் செவியை எட்டுவதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. விருந்தும் இல்லை, பரிசும் இல்லை. வருகை ஒன்றே அப்பாட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

நம் வாசலில் வந்து நிற்பது வாடகை வாகனமாகவோ தானியங்கியாகவோ இருக்கலாம். அதன் ஒலி கேட்டு விளக்கைத் தூண்டிவிட்டு வெளியே வருவதற்குள், நாம் செய்ய வேண்டுவன எல்லாம் முடிந்திருக்கட்டும். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு செம்பு நீர் அருந்தி, தம் வீட்டில் சற்று நேரம் சும்மா உட்காரட்டும். மற்றவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. கிளையில் நாங்களும் இருக்கிறோம்.